நகரம் எப்படி விரிகிறது என்பதைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது: சென்னையை முன்வைத்துச் சில கேள்விகளும் பதில்களும்

நிலவியல், நகரத் திட்டமிடல் படிக்கும் மாணவர்களும், தங்கள் ஊர் ஏரி என்ன ஆகும் என்று கவலைப்படுகிறவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் சென்னையின் தென்பகுதியிலிருந்து வருகின்றன. அவசரத்தில் இருப்பவர்கள் 'தடைப் படலம்' பற்றிய பதிலையாவது படித்துவிடுங்கள். இந்தத் துறையில் நம் ஊருக்கு அதைவிட முக்கியமான விஷயம் இல்லை என்று நினைக்கிறேன்.

நகர வளர்ச்சியைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது என்றால் என்ன?

நகரத்தையும் சுற்றியுள்ள கிராமங்களையும் சிறு சிறு சதுரக் கட்டங்களாக வெட்டிக்கொள்கிறோம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிலை உண்டு: கட்டடம், வயல், நீர், புதர்க்காடு, தரிசு என்று. பிறகு சில விதிகளைக் கொடுக்கிறோம். பக்கத்துக் கட்டங்களில் வீடுகள் வந்துவிட்டால் இந்தக் கட்டத்திலும் வர எவ்வளவு வாய்ப்பு, சாலை பக்கத்தில் இருந்தால் எவ்வளவு, பாறைச் சரிவாக இருந்தால் எவ்வளவு என்பது போன்ற விதிகள். கணினி ஒரு சுற்று ஓடினால் ஓர் ஆண்டு கடந்ததாகக் கணக்கு. 1991 வரைபடத்தில் தொடங்கி 2011 வரை ஓடவிட்டு, உண்மையான 2011 வரைபடத்தோடு ஒப்பிடுகிறோம். ஓரளவு ஒத்துப்போனால் அதே விதிகளோடு 2040 வரை ஓடவிடுகிறோம். இப்படிக் கட்டங்களும் விதிகளுமாகக் கணினிக்குள் கட்டிய நகரத்தைத்தான் 'மாதிரி' என்கிறோம்.

இந்தக் கட்ட முறைக்கு 'செல்லுலார் ஆட்டோமேட்டா' என்று பெயர். 1940-களில் ஸ்டானிஸ்லாவ் உலாமும் ஜான் வான் நாய்மனும் லாஸ் அலமோஸில் இதற்கு அடிப்படை போட்டார்கள். நகரத்தைக் கட்டம் கட்டமாக வளரவிட்ட முன்னோடி முயற்சிகளில் ஒன்று 1970-ல் வால்டோ டோப்ளர் டெட்ராய்ட் பகுதிக்குச் செய்தது. எல்லாம் எல்லாவற்றோடும் தொடர்புடையவை, ஆனால் அருகில் இருப்பவற்றுக்குள் தொடர்பு அதிகம் என்று புவியியலில் இன்றுவரை சொல்லப்படும் விதி அந்தக் கட்டுரையில்தான் வருகிறது.

ஒரு கட்டம் எவ்வளவு பெரியது?

லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தை அப்படியே பயன்படுத்தினால் 30 மீட்டருக்கு 30 மீட்டர். அதாவது 900 சதுர மீட்டர், சென்னைக் கணக்கில் ஏறத்தாழ நான்கு கிரவுண்டு. பழைய சென்னைப் பெருநகர்ப் பகுதியான 1,189 சதுர கிலோமீட்டரை இப்படி வெட்டினால் சுமார் 13 லட்சம் கட்டங்கள் வரும். 2022-ல் விரிவாக்கப்பட்ட 5,904 சதுர கிலோமீட்டருக்கு 65 லட்சத்துக்கு மேல். இன்றைய சாதாரண மடிக்கணினியே இதைத் தாங்கும்.

இது சிம்சிட்டி விளையாட்டு மாதிரிதானா?

உறவு உண்டு. எம்ஐடி பேராசிரியர் ஜே ஃபாரஸ்டர் 1969-ல் வெளியிட்ட நகர இயக்க ஆய்விலிருந்து அந்த விளையாட்டை உருவாக்கிய வில் ரைட் நிறைய எடுத்துக்கொண்டார். ஆனால் விளையாட்டில் நீங்கள்தான் மேயர். இது குடியிருப்பு, இது தொழிற்சாலை என்று நீங்கள் பிரித்துக் கொடுத்த பிறகுதான் எதுவும் முளைக்கும். நம் புறநகரில் பெரும்பாலும் மனை முதலில் வருகிறது, அனுமதி பிறகு வருகிறது. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016-ல் உயர் நீதிமன்றம் தடை விதித்ததும், அடுத்த ஆண்டே அரசு வரன்முறைப்படுத்தும் விதிகளைக் கொண்டுவந்ததும் பலருக்கு நினைவிருக்கும். திட்டம் முன்னால், கட்டடம் பின்னால் என்ற வரிசையை நம்பி எழுதிய மாதிரி எதுவும் இங்கே ஓடாது.

அதிகம் பேசப்படும் 'ஸ்லூத்' எப்படி வேலை செய்கிறது?

கீத் கிளார்க்கும் உடன் ஆய்வாளர்களும் 1997-ல் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதிக்காக வெளியிட்ட மாதிரி இது. அதற்குத் தேவையான ஆறு வரைபடங்களின் (இவற்றைப் 'படலங்கள்' என்பார்கள்) ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர்தான் ஸ்லூத்: சரிவு, நிலப் பயன்பாடு, தடை, நகரப் பரப்பு, சாலை, மலைநிழல் (மேடுபள்ளத்தை நிழலாகக் காட்டும் படம்).

நகரம் நான்கு வகையில் வளரும் என்று அது எடுத்துக்கொள்கிறது. வயல் நடுவே ஒரு வீடு திடீரென்று தனியாக முளைப்பது முதல் வகை. அப்படி முளைத்ததைச் சுற்றி இன்னும் சில சேர்ந்து புதிய மையமாவது இரண்டாவது. ஏற்கெனவே இருக்கும் ஊரின் விளிம்பு மெல்ல நகர்வது மூன்றாவது. சாலை இழுத்துக்கொண்டு போவது நான்காவது. சென்னையில் வாழ்ந்தவர்கள் நான்கையும் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். வேளச்சேரி விளிம்பாக நகர்ந்து வந்த பகுதி. ஓஎம்ஆர் எனப்படும் பழைய மாமல்லபுரம் சாலை ஓரமாக, ஊர்களுக்கு நடுவில் இருந்த இடைவெளிகளை நிரப்பியது சாலை இழுத்த வளர்ச்சி.

இந்த நான்கும் எவ்வளவு வலுவாக நடக்கும் என்பதை ஐந்து எண்கள் தீர்மானிக்கின்றன: சிதறல், புதிய மையம் உருவாதல், பரவல், சரிவின் எதிர்ப்பு, சாலையின் ஈர்ப்பு. ஒவ்வொன்றும் 0 முதல் 100 வரை. இன்னொன்றும் உண்டு. வளர்ச்சி வேகமெடுக்கும் ஆண்டுகளில் மாதிரி தானே சில எண்களைக் கூட்டிக்கொள்ளும், மந்தமான ஆண்டுகளில் குறைத்துக்கொள்ளும். ரியல் எஸ்டேட் சூடுபிடிப்பதும் படுத்துவிடுவதும் தெரிந்தவர்களுக்கு இது ஏன் தேவை என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஐந்து எண்களை யார் சொல்கிறார்கள்?

கடந்த காலம் சொல்கிறது. ஐந்து எண்களுக்கும் சாத்தியமான எல்லாச் சேர்க்கைகளையும் எண்ணினால் 1,051 கோடி வரும். எல்லாவற்றையும் ஓட்டிப் பார்க்க முடியாது. அதனால் முதலில் 0, 25, 50, 75, 100 என்று பெரிய படிகளாக வைத்து 3,125 சேர்க்கைகளை ஓட்டுகிறோம். உண்மை வரைபடங்களோடு நன்றாகப் பொருந்தியவற்றைச் சுற்றிச் சிறிய படிகளில் மறுபடி தேடுகிறோம். கட்டங்களின் முடிவில் வாய்ப்பும் கலந்திருப்பதால் ஒரே எண்களை வைத்தே பல முறை ஓட்டிச் சராசரி பார்க்க வேண்டும். இதற்கு நகரப் பரப்பின் வரைபடம் குறைந்தது நான்கு வெவ்வேறு ஆண்டுகளுக்கும், சாலை வரைபடம் இரண்டு ஆண்டுகளுக்கும் வேண்டும்.

சான் பிரான்சிஸ்கோவுக்குச் செய்தது சென்னைக்குப் பொருந்துமா?

விதிகள் பொருந்தும். தரவுதான் உதைக்கும். மூன்று இடங்களில் கவனமாக இருங்கள்.

சான் பிரான்சிஸ்கோ மலையும் சரிவுமான ஊர். எங்கே வீடு கட்ட முடியாது என்பதைச் சரிவே பெருமளவு சொல்லிவிடும். சென்னை தட்டை. பரங்கிமலை, பல்லாவரம், வண்டலூர்க் குன்றுகளைத் தாண்டினால் சரிவு எண்ணுக்கு இங்கே வேலையே இல்லை. இங்கே தலைவிதியை எழுதுவது ஒன்றிரண்டு மீட்டர் உயர வேறுபாடு. ஏரிக்கரைக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பது. இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவுகள் பலவற்றில் பிழையே சில மீட்டர் இருக்கும். அதை நம்பி முடிவெடுத்தால் ஏரியும் கரையும் ஒன்றாகிவிடும்.

இரண்டாவது, கால்வாய். சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகள் சங்கிலித் தொடர். ஒன்றின் கலங்கல் வழிந்தால் அடுத்ததற்குத் தண்ணீர் போகும். இணைக்கும் வரத்துக் கால்வாய்கள் பல 10 மீட்டர் அகலம்கூட இல்லாதவை. 30 மீட்டர் கட்டத்துக்குள் அவை காணாமல் போய்விடும். கணினிக்கு அந்த இடம் வெறும் தரிசு, வீடு கட்டத் தயாரான நிலம். கால்வாய்களைக் கிராம வரைபடங்களிலிருந்து தனியாகக் கோடாக வரைந்து, அவை கடக்கும் கட்டங்களுக்குத் தனி அடையாளம் கொடுப்பது அலுப்பான வேலை. ஆனால் அதைச் செய்யாமல் சென்னைக்கு மாதிரி செய்ததாகச் சொல்லக் கூடாது.

மூன்றாவது, அரசின் முடிவுகள். டைடல் பார்க் என்ற மென்பொருள் பூங்கா 2000-ல் தரமணியில் திறக்கப்பட்டது. 1970 முதல் 1999 வரையிலான தரவை மட்டும் கொடுத்துப் பழக்கிய எந்த மாதிரியும் பழைய மாமல்லபுரம் சாலையில் அடுத்து நடந்ததைச் சொல்லியிருக்காது. பறக்கும் ரயில் 2007-ல் வேளச்சேரிக்கு வந்ததும் அப்படித்தான். ஸ்லூத்தில் ரயிலுக்குத் தனிப் படலமே இல்லை. வரப்போகும் சாலையை, நிலையத்தை நாம்தான் வரைந்து கொடுக்க வேண்டும்.

தடைப் படலம் என்றால் என்ன? அதில் என்ன சிக்கல்?

வீடு வரக் கூடாத இடங்களைக் குறிக்கும் வரைபடம். கடல், ஆறு, காப்புக்காடு, ராணுவ நிலம், விமான நிலையம் எல்லாம் இதில் அடங்கும். ஒரு கட்டத்துக்கு 100 கொடுத்தால் அங்கே எதுவும் முளைக்காது. 0 என்றால் தடையில்லை. இடைப்பட்ட எண் கொடுத்தால் அந்த அளவுக்குத் தடுக்கும்.

நான் பார்த்த பல மாணவர் ஆய்வுகளில் நீர்நிலை எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு 100 கொடுத்திருக்கிறார்கள். சட்டம் அப்படித்தானே சொல்கிறது என்பது அவர்கள் நியாயம். ஆனால் அந்த வரைபடத்தில் சென்னை இருக்காது. தியாகராய நகர் 1920-களில் எழுந்ததே நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே நீண்டு கிடந்த பெரிய ஏரியின் நிலத்தில். மேற்கு மாம்பலத்தில் இன்றும் லேக் வியூ ரோடு இருக்கிறது, ஏரிதான் இல்லை. வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரியின் இடத்தில். ஏரிக்கு 100 கொடுத்த மாதிரியில் தி. நகர் உருவாகவே முடியாது.

பள்ளிக்கரணையை எடுத்துக்கொள்ளுங்கள். பல ஏரிகளின் உபரிநீர் வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாயில் சேர்ந்து கோவளம் முகத்துவாரம் நோக்கிப் போகும் சதுப்பு நிலம். ஒரு காலத்தில் பல ஆயிரம் ஹெக்டேர். அதன்மேல் மாநகராட்சியின் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு வந்தது, பல்லாவரம் – துரைப்பாக்கம் சாலை குறுக்கே போனது, மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்கள் வந்தன, அடுக்குமாடிகள் வந்தன. 2007-ல் ஒரு பகுதி காப்புக்காடானது. 2022-ல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். இந்த வரலாற்றில் தனியாரைவிட அரசே பல இடங்களில் முதலில் காலடி வைத்திருக்கிறது. அதை மறைக்கும் தடைப் படலம் பொய்ப் படலம்.

சரி, என்னதான் செய்வது? கசிவை, அதாவது தடையை மீறி எவ்வளவு கட்டடமானது என்பதை, அளந்துவிடுங்கள். இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடங்களில் ஏரி, குளம், சதுப்பு என்று குறித்த கட்டங்களை எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய படத்தில் அவற்றில் எத்தனை கட்டடமாகிவிட்டன என்று எண்ணுங்கள். அதே காலத்தில் சாதாரண வயலும் தரிசும் எந்த வீதத்தில் கட்டடமாயின என்றும் எண்ணுங்கள். இரண்டையும் ஒப்பிட்டால் சட்டத்தின் தடை நடைமுறையில் எவ்வளவு தடுத்தது என்பது தெரியும். வயலில் நூற்றுக்கு 40, ஏரியில் நூற்றுக்கு 10 என்று வந்தால் தடை நான்கில் மூன்று பங்கு வேலை செய்திருக்கிறது. தடை எண் 75 என்று தொடங்கலாம். (இந்த எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை.) ஏரிக்கு ஒன்று, மேய்க்கால் புறம்போக்குக்கு ஒன்று, சதுப்புக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கணக்கிடுங்கள். மாதிரியைப் பழக்கும்போது இந்த உண்மையான எண்களையே கொடுங்கள்.

எதிர்காலத்துக்கு ஓட்டும்போது இரண்டு தடவை ஓட்டுங்கள். ஒரு தடவை கசிவு இப்படியே தொடர்ந்தால். இன்னொரு தடவை எல்லா நீர்நிலைக்கும் 100. இரண்டு வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் வேறுபடும் கட்டங்கள் தெரியும். நாம் காப்பாற்றத் தவறினால் எதை இழப்போம் என்பதன் சர்வே எண் பட்டியலையே அதிலிருந்து எடுக்கலாம். 2040-ல் சென்னை இப்படி இருக்கும் என்ற ஒற்றை வண்ணப் படத்தைவிட, வார்டு கூட்டத்திலோ திட்டக் குழுமத்தின் கருத்துக்கேட்பிலோ வைத்துப் பேச இந்தப் பட்டியல் நூறு மடங்கு பயன்படும். சென்னைப் பெருநகருக்கான இரண்டாம் முழுமைத் திட்டம் 2008-ல் வந்தது, 2026 வரைக்கானது. அடுத்ததற்கான வேலைகள் நடக்கும் இந்தக் காலத்தில் இப்படியான பட்டியல்கள் வெளியே வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

செயற்கைக்கோள் படம் போதாதா?

தொடங்கப் போதும். லேண்ட்சாட் 1972 முதல் படமெடுக்கிறது, 2008 முதல் எல்லாப் படமும் இலவசம். சென்டினல்-2 படங்கள் 10 மீட்டர் துல்லியத்தில் 2015-லிருந்து கிடைக்கின்றன. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மேகம் மறைப்பதால் ஜனவரி முதல் மார்ச் வரையிலான படங்களே நல்லது. எல்லா ஆண்டுக்கும் ஒரே மாதத்துப் படமாக எடுங்கள். ஒன்று பிப்ரவரி, இன்னொன்று மே என்றால் வற்றிய ஏரி எல்லாம் தரிசாகிவிடும்.

மென்பொருள் வகை பிரித்துக் கொடுப்பதை அப்படியே நம்பாதீர்கள். ஏரிக்குள் மண்டிய சீமைக் கருவேலத்தை அது காடு என்று சொல்லும். தென்னைக்குக் கீழே இருக்கும் வீடு தோப்பாகிவிடும். காய்ந்த மணலும் சிமென்ட் கூரையும் ஒரே மாதிரி பளபளக்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல், படத்தில் தெரியாத மாற்றம். வயலை வாங்கி, சமன்படுத்தி, மனைக்கல் நட்டு, விற்றும் முடித்திருப்பார்கள். பத்து வருடம் யாரும் வீடு கட்டாமல் கிடக்கும். மேலிருந்து பார்த்தால் தரிசு. உண்மையில் அது விவசாயத்துக்குத் திரும்பப் போவதில்லை. இதைப் பிடிக்க மனைப்பிரிவு ஒப்புதல் ஆவணங்களையும் பத்திரப் பதிவு விவரங்களையும் பார்க்க வேண்டும், நேரிலும் போக வேண்டும். சைக்கிளிலாவது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வாருங்கள்.

என் மாதிரி 93 சதவீதம் சரியாக வந்திருக்கிறது. நல்லதுதானே?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மொத்தம் 1,000 கட்டங்கள். பத்து ஆண்டில் உண்மையில் மாறியவை 50. உங்கள் மாதிரியும் 50 கட்டங்கள் மாறும் என்றது. அதில் 15 சரியாக விழுந்தன. மாறியும் மாதிரி பிடிக்காதவை 35, மாறாமலே மாறும் என்று சொன்னவை 35. தவறு மொத்தம் 70, ஆக 93 சதவீதம் சரி.

இப்போது ஒன்றுமே செய்யாமல், பழைய வரைபடத்தையே நகலெடுத்து 'எதுவும் மாறாது' என்று சொல்லியிருந்தால்? தவறு 50 மட்டும். 95 சதவீதம் சரி. மாதிரி தோற்றுவிட்டது.

அதனால் மாற்றத்தை மட்டும் தனியே அளக்க வேண்டும். சரியாகப் பிடித்தவற்றை, பிடித்தவை, தவறவிட்டவை, பொய்யாகச் சொன்னவை மூன்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 15/85, சுமார் 18 சதவீதம். கேட்கவே சங்கடமான எண். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு 50 கட்டங்களைப் பொறுக்கியிருந்தால் இரண்டு மூன்றுதான் சரியாக விழுந்திருக்கும், ஆகவே மாதிரி எதையோ கற்றிருக்கிறது என்பதும் உண்மை. ராபர்ட் கில் பான்டியஸும் பலரும் சேர்ந்து 2008-ல் வெளியிட்ட ஒப்பீட்டில், 13 ஆய்வுகளில் 12-ல் சரியாகப் பிடித்த மாற்றத்தைவிடப் பிழையே அதிகமாக இருந்தது. இந்தத் துறையில் அதுதான் நிலவரம். 18 என்று துணிந்து எழுதுங்கள், 93 என்று மட்டும் எழுதி முடிக்காதீர்கள்.

கட்ட முறை தவிர வேறு வழிகள் உண்டா?

உண்டு. கட்டங்களுக்குப் பதிலாக மனிதர்களையே, அதாவது குடும்பங்கள், கட்டுமான நிறுவனங்கள், கடைகள் என்று கணினிக்குள் உலவவிடும் முறை ஒன்று. இதற்கு முன்னோடி தாமஸ் ஷெல்லிங். பக்கத்து வீட்டார் யார் என்பதில் மனிதர்களுக்கு இருக்கும் மிதமான விருப்பமே ஊரை இரண்டாகப் பிரித்துவிடும் என்று 1971-ல் காட்டினார். நம் ஊர்களின் ஊரும் சேரியும் அப்படித் தனிமனித விருப்பத்தால் பிரிந்தவை அல்ல. அவை வன்முறையாலும் கட்டுப்பாட்டாலும் பிரிக்கப்பட்டவை. ஆகவே அந்த மாதிரியை இங்கே கொண்டுவருகிறவர்கள் நிதானிக்க வேண்டும்.

பால் வாடெல் உருவாக்கிய அர்பன்சிம், வீட்டுச் சந்தை, வேலை, போக்குவரத்து எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறது. தரவு ஏராளமாக வேண்டும். எல்லாவற்றையும் அடக்கும் பெரிய மாதிரிகளின் பசியையும் செலவையும் சிக்கலையும் டக்ளஸ் லீ 1973-லேயே கடுமையாக விமர்சித்தார். அந்த விமர்சனம் இன்றும் படிக்கத் தக்கது.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி இதெல்லாம் எதற்கு?

நியூரல் நெட்வொர்க்கைக் கட்ட முறையோடு இணைத்து ஓட்டுவது பல ஆண்டுகளாகவே நடக்கிறது. பொருத்தம் கூடலாம். ஆனால் அதுவும் கற்பது கடந்த காலத்திலிருந்துதான். தவறான தடைப் படலத்தைக் கொடுத்தால் தவறையே இன்னும் நன்றாகக் கற்றுக்கொள்ளும்.

எங்கே மனை வாங்கலாம் என்று இதைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

முடியாது, தயவுசெய்து முயலாதீர்கள். வரும் வரைபடம் 'இந்த வட்டாரத்தில் வாய்ப்பு அதிகம்' என்ற அளவில்தான் நம்பத் தக்கது, ஒரு தனி மனைக்கு அல்ல. வாங்குகிறவர் பார்க்க வேண்டியவை வேறு: வில்லங்கச் சான்று, பட்டா, புல வரைபடம், அந்த சர்வே எண் பழைய பதிவேட்டில் ஏரியாகவோ வாய்க்கால் புறம்போக்காகவோ இருந்ததா என்பது.

வெள்ளத்தைக் கணிக்க உதவுமா?

தனியாக உதவாது, நீரியல் மாதிரியோடு சேர்த்தால் உதவும். 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் மழை. அதே மழை 1980-ன் நிலப் பரப்பில் பெய்திருந்தால் தண்ணீர் எங்கே நின்றிருக்கும், 2040-ன் பரப்பில் பெய்தால் எங்கே நிற்கும் என்று ஓட்டிப் பார்க்கலாம். முன்பு சொன்ன இரண்டு வரைபடங்களை, அதாவது கசிவு தொடர்வது, கசிவு நின்றது இரண்டையும் நீரியல் மாதிரிக்குள் கொடுத்தால், ஏரியைக் காப்பதால் எந்தத் தெருவில் எத்தனை அடித் தண்ணீர் குறையும் என்ற அளவுக்குப் பேச முடியும். அதற்கு உயரத் தரவு மிகத் துல்லியமாக இருக்க வேண்டும், கால்வாய்களின் அகலமும் ஆழமும் நேரில் அளந்ததாக இருக்க வேண்டும்.

நான் எங்கிருந்து தொடங்குவது?

நெட்லோகோ என்ற மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம். அதனுடன் வரும் ஷெல்லிங் மாதிரியை ஓட்டினால் ஒரு மாலையில் அடிப்படை புரிந்துவிடும். பிறகு கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள், அதற்குள் சேர்க்கக்கூடிய மொலஸ்க் செருகு நிரல். இரண்டு ஆண்டுகளின் வரைபடமும் சாலை, நீர்நிலைத் தூரங்களும் இருந்தால் போதும். ஸ்லூத்துக்கு லினக்ஸ் பழக்கம் வேண்டும். எல்லாப் படலமும் ஒரே நீள அகலத்தில், சாம்பல் நிற ஜிஃப் கோப்பாக, அது சொல்லும் பெயர் வடிவத்தில் இருக்க வேண்டும். முதல் வாரம் முழுக்க இதிலேயே போகும், மனம் தளர வேண்டாம்.

சென்னை முழுவதையும் எடுக்காதீர்கள். உங்களுக்குத் தெரிந்த ஓர் ஏரியையும் சுற்றி ஐந்து கிலோமீட்டரையும் எடுங்கள். அங்கே பயிர் செய்த ஒருவரையும், மதகு திறந்த நீர்க்கட்டி ஒருவரையும் உட்கார வைத்து உங்கள் பழைய வரைபடத்தைக் காட்டுங்கள். எந்தக் கட்டம் எந்த வருடம் யாரால் மாறியது என்று அவர்கள் சொல்வதைப் பென்சிலால் அதிலேயே குறித்துக்கொண்டு, அதன் பிறகு தடை எண்களைப் போடுங்கள்.